காருக்கு நாலு முழம்

பிப்ரவரி 3, திங்கள்

ஏழரைக்குக் கிளம்பினேன். திருச்சுழி தாண்டி, கிடாக்குளம் விலக்கில் திரும்பினால் ரோட்டையே காணோம். முழுக்கக் குதிரைவாலி. பொங்கல் முடிந்ததிலிருந்து இதே கதைதான். ஊரில் களம் இருக்கிறது. ஆனால் களத்தில் போட்டால் மிஷினுக்கு வாடகை, ஆளுக்குக் கூலி. ரோட்டில் விரித்துவிட்டால் போகிற வருகிற வண்டி மிதித்துக் கொடுத்துவிடும். சாயங்காலம் தாளை உதறி எடுத்தால் மணி கீழே கிடக்கும்.

முத்துத்தாய் கையில் கதிர் கிளறுகிற கவைக்கம்போடு ரோட்டு நடுவில் நின்றாள். அவள் மகள் காளீஸ்வரி என்னிடம்தான் நாலாம் வகுப்பு படிக்கிறாள்.

"டீச்சர், ஓரமாப் போகாதீக. நல்லா நடுவுல ஏறிப் போங்க."

போனேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னாலிருந்து கையைக் கையை ஆட்டுகிறாள். என்னவோ ஏதோ என்று நிறுத்தினேன்.

"பின்னாடியே ஒரு தடவ வந்துட்டுப் போங்க டீச்சர். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கியரை ஆரில் போட்டுப் பின்னால் வந்தேன். டியில் போட்டு முன்னால் போனேன். மூன்று தடவை. பஸ் இந்த ஊருக்கு நாளைக்கு இரண்டு நடைதான். பைக் மிதித்தால் ஒரு கோடுதான் விழும். நாலு சக்கரம் உள்ள வண்டிக்கு இந்த மாதத்தில் இங்கே தனி மரியாதை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

வீட்டில் சொன்னதற்கு இவர் சிரிக்கிறார். "தலைமையாசிரியைக்கு அதுக்குத் தனிக் கூலி உண்டா?"

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் டியில் போட்டதும் கார் உடனே நகரவில்லை. ஒரு மூச்சு பொறுத்துத்தான் நகர்ந்தது. பனியாக இருக்கும்.

பிப்ரவரி 7, வெள்ளி

பனி இல்லை. சாயங்காலம் நாலரை மணி வெயிலிலும் அப்படித்தான் செய்கிறது. இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு அதுவாக மாறும்போது யாரோ பின்னால் முட்டுகிற மாதிரி ஒரு உதறல்.

இந்தக் காருக்கு வயது பதினைந்து. ஆட்டோமேட்டிக். மதுரையில் ஒரு டாக்டர் வைத்திருந்தது. கொரோனாவில் பஸ் நின்றபோது வாங்கினோம். எனக்கு இடது கால் பிள்ளையிலேயே வாதத்தில் போனது. கிளட்ச் மிதிக்கிற வண்டியை நான் ஓட்ட முடியாது. ஆட்டோமேட்டிக் என்றால் வலது கால் ஒன்று போதும். நாற்பத்தொரு வயதில் டிரைவிங் பழகினேன். அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் பைக்கில் பக்கவாட்டில் உட்கார்ந்தும், பஸ்ஸில் கண்டக்டர் கையைப் பிடித்தும் பள்ளிக்கூடம் போனவள் நான். இந்த ஐந்து வருடமாக யார் கையையும் பிடிக்காமல் போய் இறங்குகிறேன்.

காருக்கும் ஒரு கால் சரியில்லை என்று இவர் ஏதோ விளையாட்டாகச் சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். காரையும் என் காலையும் சேர்த்து வைத்து யார் பேசினாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிப்ரவரி 15, சனி

மருதுபாண்டி ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். அருப்புக்கோட்டையில் கார் வேலைக்கு எல்லாரும் போகிற ஆள். பானெட்டைத் திறந்து ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். "ஆயிலு ஃபுல்லா இருக்கு டீச்சர். வண்டி கல்லு மாதிரி இருக்கு."

ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறினார். பக்கத்தில் நான். முப்பது வருடப் பழக்கம், இடது கால் சும்மா இருக்குமா? கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை ஓங்கி மிதித்தார். இரண்டு பேரும் கண்ணாடியில் முட்டப் போனோம். தெரு முனைக்குள் இரண்டு தடவை. மூன்றாவது தடவை இடது காலை மடக்கி சீட்டுக்கு மேல் வைத்துக்கொண்டு ஓட்டினார்.

"வழுக்குது டீச்சர். கிளட்ச்சு பிளேட்டு போன வண்டி இப்படித்தான் இழுக்காம கத்தும். ஆனா இதுல கிளட்ச்சே எங்க இருக்குன்னு தெரியலையே, இருந்தா மாத்திருவேன்."

தெரியாததைத் தெரியும் என்று சொல்லவில்லை. மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார். காசும் வாங்கவில்லை.

பிப்ரவரி 19, புதன்

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ரோடு கண்மாய்க் கரையில் ஏறும். பெரிய மேடு ஒன்றுமில்லை, மாட்டுவண்டி ஏறும் மேடு. இன்று சாயங்காலம் திரும்பும்போது பாதி மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் கத்துகிறது, கார் நிற்கிறது. அப்புறம் பின்னால் உருள ஆரம்பித்தது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளம். கருகின வாடை வேறு.

ரேணுகாதேவி பின்னால் ஸ்கூட்டியில் வந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் மொத்தமே நாங்கள் இரண்டு டீச்சர். சக்கரத்துக்குக் கல் வைத்தாள். அரை மணி நேரம் இருவரும் கரையில் உட்கார்ந்திருந்தோம். சூடு ஆறியதும், ஒன்றுமே நடக்காத மாதிரி கார் தானாக ஏறியது.

இவரிடம் முழுசாகச் சொல்லவில்லை. "கொஞ்சம் நின்னுருச்சு" என்றேன்.

பிப்ரவரி 20, வியாழன்

ரேணுகா ஃபோன் போட்டு முழுசாகச் சொல்லிவிட்டாள்.

பிப்ரவரி 22, சனி

மதுரை. கண்ணாடி போட்ட பெரிய ஒர்க்‌ஷாப். பத்து நிமிடம் கம்ப்யூட்டரில் வயரைச் சொருகிப் பார்த்தார்கள். காரைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. டை கட்டின பையன் இவரிடம் பேசினான்.

"கியர்பாக்ஸே போயிருச்சு சார். மாத்துறதுதான். செலவு இந்தக் கார் விலைக்கே வந்துரும். மேடத்துக்கு வேற வண்டி பாத்திருங்க."

கார் என் பெயரில் இருக்கிறது. ஓட்டுவது நான். இவருக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம் திருப்புவது என்றே தெரியாது. என்னைப் பார்த்து ஒரு வார்த்தை? "தம்பி, நான் இங்கதான் நிக்கிறேன்" என்றேன். "யெஸ் மேடம்" என்று சொல்லிவிட்டு மறுபடி இவரைப் பார்த்தே பேசினான்.

வேறு ஆட்டோமேட்டிக் வாங்குகிற நிலைமையில் நாங்கள் இல்லை. மகள் கோயம்புத்தூரில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அது தெரிந்த கதை, எழுதி என்ன ஆகப்போகிறது. திரும்பி வரும்போது நான் மெதுவாக, பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட்டு ஓட்டி வந்தேன். காரை வாசலில் வேப்பமரத்தடியில் விட்டாயிற்று.

பிப்ரவரி 24, திங்கள்

இவர் பைக்கில் கொண்டுபோய் விட்டார். இருபத்திரண்டு கிலோமீட்டர். பக்கவாட்டில் உட்கார்ந்தால் இடது காலுக்குப் பிடிமானம் கிடையாது. ஒவ்வொரு வேகத்தடையிலும் தொங்கி ஆடும். அவர் மில்லுக்கு ஒரு மணி நேரம் பிந்திப் போய் சூபர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். "ரெண்டு நாளைக்குத்தான" என்றேன். எத்தனை நாளைக்கு என்று எனக்கே தெரியாது.

மார்ச் 1, சனி

சுமதி டீச்சர் வீட்டுக்கு வந்தாள். இங்கே டவுன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. புகுந்த வீடு திருச்சுழி. மாமியார் கீழே விழுந்து படுக்கையில் இருக்கிறார்கள். பக்கத்தில் இருந்து பார்க்க ஆளில்லை. என் கார் சங்கதி அவள் காதுக்கு எப்படியோ போயிருக்கிறது.

"மனமொத்த மாறுதல் போட்ருவோமா டீச்சர்? நான் கிடாக்குளத்துக்கு வாரேன், நீங்க என் எடத்துக்கு வாங்க. ஒங்க வீட்டுல இருந்து நாலு தெரு. ஆட்டோவுல அஞ்சு நிமிசம்."

ஏப்ரல் 4க்குள் இரண்டு பேர் கையெழுத்தும் போட்டுக் கொடுக்க வேண்டும். ஃபாரத்தில் அவள் கையெழுத்துப் போட்டே கொண்டுவந்திருந்தாள். எனக்குக் கட்டம் காலியாக இருக்கிறது.

இவர் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது, "நல்லதுக்குத்தான் கேக்குறாக" என்றார்.

கிடாக்குளம் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு பிள்ளைகள். நான் போனபோது பதினொன்று. டவுன் பள்ளிக்கூடம் ஒன்றும் மோசமில்லை. எனக்குத்தான் மனசு வரவில்லை. அங்கே போனால் நான் ஆட்டோவில் ஏற்றி இறக்கப்படுகிற டீச்சர்.

ஃபாரத்தைக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

இவருக்கு ஷிப்ட் மாற முடியவில்லை. பஸ்ஸில் போனேன். படி உயரம். இடது காலைக் கையால் தூக்கி வைத்து ஏறுவேன், எனக்கு அது பழக்கம்தான், கொஞ்ச நேரம் கொடுத்தால் போதும். கொடுத்தால்தானே! பின்னால் இருந்து ஒரு கை தூக்குது, முன்னால் இருந்து கண்டக்டர் இழுக்கிறார். "டீச்சருக்கு எடம் விடுங்கப்பா." மூணு பேரு எந்திரிக்கிறாக. யாரும் தப்பா ஒண்ணும் சொல்லல. அம்புட்டுப் பேரும் நல்லவுகதான். எனக்கு ஏன் இப்படி அழுகை வருது?

அது ஊருக்குள் போகாத பஸ். விலக்கில் இறங்கி முக்கால் கிலோமீட்டர் நடந்தேன். பிரேயர் முடிந்துவிட்டது. ஐந்து வருடத்தில் முதல் தடவை.

மார்ச் 9, ஞாயிறு

மருதுபாண்டி ஃபோன் பண்ணினார். "டீச்சர், நம்ம பள்ளிவாசல் தெருவுல பாத்திரக்கடை வச்சிருக்காருல இனாயத்துல்லா பாய், அவரு சவூதியில தம்மாம்ல பதினேழு வருசம் கியர்பாக்ஸ் வேலதான் பாத்திருக்காரு. அங்க ஓடுறது பூராம் ஆட்டோமேட்டிக்காம். எனக்கு இது தோணவே இல்ல பாருங்க."

போனோம். எவர்சில்வர் குடங்களுக்கு நடுவில் ஒல்லியாக உட்கார்ந்திருந்தார். நோன்பு. உதடு காய்ந்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் வாய் திறக்குமுன் அவர் மனைவி மீரான் பீவி சொன்னார்: "இவுக இனிமே வண்டிக்கு அடியில படுக்க மாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காக டீச்சர். முதுகு வலியில மூணு மாசம் கெடந்தாக."

"படுக்கல. கேக்க மட்டும் செய்யிறேன்" என்றார் பாய். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"காலையில எடுத்ததுமே வழுக்குதா, சூடானப்புறமா?"

"மொதல்ல காலையில நகர லேட்டாச்சு. இப்ப சூடானா சுத்தமா இழுக்கல."

"ஆயிலு பாத்தாகளா?"

"பாத்தாக. ஃபுல்லா இருக்காம்."

"அது இன்ஜின் ஆயிலு. இதுக்குன்னு தனி ஆயிலு, தனிக் கம்பி இருக்கு." கொஞ்சம் யோசித்தார். "வீட்டுல எங்க நிப்பாட்டுறீக? சிமென்டுத் தரையா, மண்ணா?"

"வேப்பமரத்தடியில. மண்ணு."

"பள்ளிக்கூடத்துல?"

"கரிசலு."

"அப்ப கீழ ஒழுகுனாலும் மண்ணு குடிச்சிருக்கும், ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. இன்னைக்கு ராத்திரி வெள்ளையா ஒரு தாள அடியில விரிச்சு வையிங்க."

மார்ச் 10, திங்கள்

திருக்குறள் எழுத வாங்கி வைத்திருந்த சார்ட்டை நேற்று ராத்திரி காருக்கு அடியில் விரித்து வைத்தேன். காலையில் பார்த்தால் இடது சக்கரத்துக்கு உள்பக்கமாக மூன்று சொட்டு. பழுப்பு. முகர்ந்தால் அன்று மேட்டில் அடித்த அதே கருகல்.

சார்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் பாயிடம் காட்டினேன். பேப்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம வாரேன்" என்றார். உள்ளே பாத்திரம் ஒன்று 'ணங்' என்று வைக்கப்பட்டது.

மார்ச் 16, ஞாயிறு

விடியுமுன் சஹர் சாப்பிட்டு, தொழுதுவிட்டு, ஆறு மணிக்கே வந்துவிட்டார். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும், நோன்பில் தண்ணீர் குடிக்க முடியாதே. மருதுபாண்டியும் ஜாக்கியோடு வந்தார், தன் வேலையை விட்டுவிட்டு. அவருக்கும் பார்க்க ஆசை.

ரப்பர் குழாய்க்கு அடியில் ஒளிந்திருந்த இன்னொரு கம்பியை பாய் உருவினார். நுனியில் ஈரம்கூட இல்லை. மருதுபாண்டி தலையில் அடித்துக்கொண்டார். "இது இருக்குறதே எனக்குத் தெரியாதே!"

இடது சக்கரத்தைக் கழற்றினார்கள். பாய் ஒரு கோரைப்பாயை விரித்துப் படுத்து டார்ச் அடித்தார். அப்புறம் சிரிக்கிற சத்தம்.

"டீச்சர், இங்க வாங்க. நீங்க காரு ஓட்டுனீகளா, களத்துல பிணையல் மாடு விட்டீகளா?"

சக்கரத்தைச் சுழற்றுகிற தண்டு ஒன்று கியர்பாக்ஸுக்குள் போகிறது. அதைச் சுற்றிக் கயிறு திரித்த மாதிரி குதிரைவாலித் தாள். கத்தியால் அறுத்து அறுத்து எடுத்தார். ஒரு கை, இரண்டு கை, ஐந்து கை. எடுக்க எடுக்க வருகிறது. நெருங்கிச் சுற்றி, உள்ளே புகுந்து, எண்ணெய் வெளியே வராமல் தடுக்கிற ரப்பர் வளையத்தை அறுத்துவிட்டது. எண்ணெய் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குப் போயிருக்கிறது. இந்த வண்டியில் கியரைப் பிடித்து இழுப்பதே அந்த எண்ணெயின் அழுத்தம்தானாம். எண்ணெய் இல்லை, அதனால் பிடி இல்லை.

"முன்னாடி போனா சுத்தும், ரிவர்ஸ் வந்தா இறுகும். எத்தன தடவ போனீக?" என்றார்.

இவர் என்னைப் பார்க்கிறார். நான் வேப்பமரத்தைப் பார்க்கிறேன்.

பொங்கலிலிருந்து எண்ணினால் முப்பது நாற்பது தடவை இருக்கும். நான்தான். யாரும் என் தலையில் துப்பாக்கி வைக்கவில்லை. காரை விற்ற டாக்டரைத் திட்டினேன், மருதுபாண்டியைச் சந்தேகப்பட்டேன், மதுரைக்காரப் பையனை மனசுக்குள் வைதேன்.

பாய் எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வளையம் மாற்றலாம், எண்ணெய் மாற்றலாம், ஆனால் எண்ணெய் இல்லாமல் ஓட்டியதில் உள்ளே எவ்வளவு கருகியிருக்கிறது என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

மார்ச் 17, திங்கள்

நேராக முத்துத்தாயிடம் போய் நாலு வார்த்தை கேட்பது என்று முடிவோடு போனேன். கைப்பையில் அந்தத் தாள் ஒரு பிடி வைத்திருந்தேன், சாட்சிக்கு.

மத்தியானம் அவளே வந்தாள். கையில் மஞ்சப்பை.

"டீச்சர், குதிரவாலி குத்தியாச்சு. ரெண்டு படி கொண்டாந்திருக்கேன். ஒங்க காரு மிதிச்ச அரிசி, மொதல்ல ஒங்களுக்குத்தான குடுக்கணும்."

வாங்கிக்கொண்டேன். "நல்லா வெள்ளையா இருக்கே" என்றேன். சாட்சி கைப்பையிலேயே இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

அந்த அரிசியில் ஒரு படியை மீரான் பீவி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன், நோன்புக் கஞ்சிக்கு. பாத்திரம் திரும்பி வரும்போது உள்ளே கஞ்சி இருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

இரண்டு பக்கமும் புது வளையம். புது எண்ணெய் நாட்டுச் சர்பத் நிறத்தில் சிவப்பாக இருக்கிறது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நன்றாகச் சூடானதும் கம்பியைப் பார்த்து அளவு சொல்ல வேண்டுமாம். இதுவரை எந்த வண்டியிலும் அப்படிப் பார்த்ததில்லை என்று மருதுபாண்டி ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டார்.

"நீங்க ஓட்டுங்க" என்றார் பாய். பக்கத்தில் அவர், பின்னால் இவரும் மருதுபாண்டியும். டியில் போட்டேன். உடனே நகர்ந்தது. கிடாக்குளம் வரைக்கும் போய் அந்தக் கண்மாய் மேட்டில் ஏறினோம். ஏறியது. ஆனால் இரண்டிலிருந்து மூன்று போகும்போது அந்த உதறல் போகவில்லை. குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"டீச்சர், உள்ளதச் சொல்லிர்றேன்" என்றார் பாய். "பிளேட்டு கொஞ்சம் கருகிருச்சு. பழைய மாதிரி ஆகாது. மேட்டுல டியில விடாதீக, ரெண்டுல போட்டு ஏறுங்க. வெயில் நேரத்துல அவசரப்படுத்தாதீக. வாராவாரம் கம்பியப் பாருங்க. இப்படி ஓட்டுனா ரெண்டு வருசம் ஓடலாம், நாலு வருசம் ஓடலாம். ஆறு மாசத்துல நிக்கவும் நிக்கலாம். அது அல்லாதான் அறிவான்."

இவர் பின்சீட்டில் இருந்து என் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மார்ச் 26, புதன்

மூன்று நாளாக நானே போய் வருகிறேன். பதிவேட்டில் 8.35, 8.40, 8.35. உதறல் வருகிற இடம் பழகிவிட்டது. வரும் முன்னால் ஆக்ஸிலேட்டரை லேசாக விட்டுவிட்டு மறுபடி மிதித்தால் மெதுவாக மாறுகிறது.

ஆனால் ஆறு மாதத்தில் நின்றால்? சுமதியின் இடத்துக்கு அப்புறம் வேறு யாராவது வந்துவிடுவார்கள். இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி வராது. ஃபாரம் கைப்பையிலேயே கசங்குகிறது. ராத்திரி எடுத்து இஸ்திரி போடுகிற மாதிரி தடவி நீவி வைத்தேன்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். பாய் வீட்டிலிருந்து பிரியாணி. மீரான் பீவி சொல்லி அனுப்பியது: "முதுகு நல்லாத்தான் இருக்கு. ஆனா இதோட கடைசின்னு டீச்சர்ட்ட சொல்லிருங்க." மருதுபாண்டி ஷெட்டுக்கு பாய் தினம் சாயங்காலம் போகிறார் என்று இவர் சொல்கிறார். படுப்பதில்லையாம். ஸ்டூலில் உட்கார்ந்து வேலை சொல்கிறாராம்.

ஏப்ரல் 2, புதன்

இன்று செய்திருக்கக் கூடாது.

முத்துத்தாய் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். முகம் சரியில்லை. "டவுனுக்கு மாத்திப் போறீகளாம்ல? ஊரெல்லாம் பேசுறாக. காளீஸ்வரி சோறு திங்க மாட்டேங்குறா. எங்க மேல அப்படி என்ன கொற டீச்சர்? இங்க வந்து வேல பாக்க எங்க சனம் என்ன கெட்டுப் போச்சா?"

ரெண்டு மாசமா உள்ள வச்சிருந்தது எல்லாம் வாய்க்கு வந்துருச்சு. "என்ன கொறையா? ஒன் குதிரவாலிதான் என் வண்டியக் கெடுத்துச்சு! பின்னாடி வாங்க, முன்னாடி வாங்கன்னு ஆட்டி வச்சேல? நான் பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வந்தேனே, யாரால?" கைப்பையில் இருந்து அந்தக் குதிரைவாலித் தாளை எடுத்து அவள் முன்னால் போட்டேன். பிள்ளைகள் ஜன்னலில் நிற்கிறார்கள். ரேணுகா வெளியே வந்துவிட்டாள்.

முத்துத்தாய் குனிந்து அந்தத் தாளை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கே சொல்லிருக்கணும்ல டீச்சர்" என்றாள். "அரிசி வாங்கும்போதே சொல்லிருக்கலாம்ல."

போய்விட்டாள்.

சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதிதான் நிஜம். ரிவர்ஸ் எடுத்த கை என் கை. அதை ஏன் சொல்லவில்லை?

ஏப்ரல் 4, வெள்ளி

நேற்று முழுக்க யோசித்தேன். கார் நின்றுவிடுமோ என்ற பயம் போகவில்லை. அது இருக்கத்தான் செய்யும். ஆனால் காலையில் எழுந்து அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது இருக்கிற நான், ஆட்டோவில் ஏற்றப்படுகிற நான், இரண்டும் ஒரே ஆள் இல்லை. கார் நிற்கிற அன்றைக்கு நிற்கட்டும். நிற்கும் முன்னாலேயே நானாக இறங்குவானேன்.

சாயங்காலம் சுமதி வீட்டுக்குப் போய் ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். என் கட்டம் காலியாகவே இருந்தது. அவள் முகம் விழுந்துவிட்டது. அவளுக்கும் தேவைதான், மாமியார் புண்ணாகிக் கிடக்கிறார்கள். "பழைய வண்டி ஒண்ண நம்பி இப்படிச் செய்யிறீங்களே டீச்சர்" என்றாள். "ஆமா சுமதி" என்றேன். வேறு நியாயம் எதுவும் என்னிடம் இல்லை. வரும்போது அவள் வாசல் வரை வரவில்லை.

வீட்டில் சொன்னேன். இவர் "சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் வெள்ளைத் தாள் விரித்துக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 16, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம். கார் ஓடுகிறது. முத்துத்தாய் வழியில் பார்த்தால் கும்பிடுகிறாள், பேசுவதில்லை. நானும் நிறுத்துவதில்லை. என்ன வீம்போ.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சுமதிக்குக் காரியாபட்டி டீச்சர் ஒருவரோடு மாறுதல் தகைகிற மாதிரி இருக்கிறதாம். திருச்சுழிக்கு அதுவும் பக்கமில்லை. ஆனாலும் கொஞ்சம் நிம்மதி.

அக்டோபர் 5, ஞாயிறு

கம்பி பார்த்தோம். அளவு சரி. இவர் இப்போது என்னைவிட நன்றாகப் பார்க்கிறார்.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம். ஊரே வந்திருந்தது. மிட்டாய் கொடுத்து முடிந்து அறையைப் பூட்டப் போகும்போது பார்த்தேன், முத்துத்தாய் என் காருக்கு முன்னால் குனிந்து நிற்கிறாள். முழங்கையை பம்பரில் வைத்து, விரல் நுனியில் இருந்து மறுபடி முழங்கை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. வாயில் ஏதோ எண்ணுகிறாள்.

"என்ன முத்துத்தாய்?" என்றேன். பத்து மாதத்தில் அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

நிமிர்ந்தாள். "சும்மாதான் டீச்சர்." முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பொம்பளை இன்னும் என் காரை வைத்து என்னவோ கணக்குப் போடுகிறாள் என்று நினைத்தேன்.

ஜனவரி 28, புதன்

கிடாக்குளம் விலக்கில் திரும்பியதும் பிரேக்கை அழுத்தி நிறுத்தினேன். ரோடு முழுக்கக் குதிரைவாலி. அறுப்பு ஆரம்பித்துவிட்டது. இறங்கித் தள்ளச் சொல்லவா, ஹாரன் அடிக்கவா, சுற்றி வேறு வழி உண்டா என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது. முழுக்க இல்லை. இடது ஓரமாக ஒரு பட்டை சுத்தமாகப் பெருக்கி விடப்பட்டிருக்கிறது. தார் கறுப்பாகத் தெரிகிறது. கதிர் சரிந்து வராமல் ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருக்கிறார்கள். முத்துத்தாய் வயலுக்கு நேராக மட்டும் இல்லை. அவளுக்கு அடுத்த ஆள், அதற்கடுத்த ஆள், பள்ளிக்கூடம் வரைக்கும் எல்லாருடைய குதிரைவாலியும் அந்தக் கல் வரிசைக்கு அந்தப் பக்கம்தான் கிடந்தது.

கவைக்கம்போடு அவள் அங்கேதான் நின்றாள். கண்ணாடியை இறக்கினேன்.

"ஒங்க வண்டி மூணு முழம் சொச்சம். நாலு முழம் விட்ருக்கு. பாத்துப் போங்க டீச்சர்" என்றாள்.

"ரிவர்ஸ் எடுத்தது நான்தான் முத்துத்தாய்" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள். "போங்க, பெல் அடிச்சுரப் போறாக."

இரண்டில் போட்டு மெதுவாகப் போனேன். ஒரு தாள்கூடச் சக்கரத்தில் படவில்லை. பின்னால் வந்த பஸ் நடுவில் ஏறி எல்லாவற்றையும் நன்றாக மிதித்துக்கொண்டு வந்தது. 8.40க்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.